கைக்கு வராத முப்பத்தேழு தூர்

டாக்டரம்மா வெளியூரிலிருந்து திரும்பிய அன்று காலை, வரப்பில் ஏறக் கழற்றிய செருப்பை இடது கையில் பிடித்தபடியே நின்றுவிட்டார். அந்தச் செருப்பு இன்றும் என் கண்ணில் நிற்கிறது. பழுப்பு நிறம், ஒரு பக்க வார் தைத்தது, குதிகாலில் செம்மண் ஒட்டியது. நான் வயலின் எதிர் மூலையில் கையைக் கட்டிக்கொண்டு பாராட்டுக்குக் காத்திருந்தேன். காத்திருக்க எனக்கு உரிமையும் இருந்தது. ஆறு நாள் வேலை, ஏழு ஆள், அதில் பாதி என் ஒருவன் கையால் நடந்தது. சலூனில் மட்டமாக வெட்டிவிட்ட தலைமுடி மாதிரி வயல் நின்றது. ஒரு பயிர் இன்னொன்றைவிட விரற்கடை உயரமில்லை. "ஒன்னு பாக்கியில்லீங்கம்மா, அத்தனை கலப்பையும் எடுத்துப்போட்டேனுங்க" என்றேன். அவர் செருப்பை மெதுவாகக் கீழே வைத்தார். பிறகு அவரும் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவைக்க எனக்கு மனசில்லை. கருமத்தம்பட்டிப் பக்கம் பிறந்தவன். மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் என்னைப் பார்க்கவில்லை, நானும் அதைப் பார்க்கவில்லை. அப்பா, அம்மா, அவர்களுக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் அடுத்தவர் தோட்டத்தில் உழைத்தவர்கள். இன்றைக்கு எனக்குச் சொந்தமாக நாற்றுப் பண்ணை இருக்கிறது. குழித்தட்டுகளில் தக்காளி, மிளகாய், கத்தரி நாற்று வளர்த்துக் காங்கேயத்துக்கும் கோபிசெட்டிபாளையத்துக்கும் வேனில் அனுப்புகிறேன். நாற்பது பேர் என்னிடம் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் இரண்டு பேர் விவசாயப் பட்டம் வாங்கியவர்கள், என்னை 'சார்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதல் முறை கூப்பிட்டபோது நான் திரும்பிப் பார்க்கவில்லை, வேறு யாரையோ என்று நினைத்தேன். இரண்டாம் முறையிலிருந்து பழகிவிட்டது. இதெல்லாம் யாரும் கொடுத்ததல்ல. என் கண்ணும் கையும் சம்பாதித்தவை.

தொண்ணூறுகளில் நான் கோயமுத்தூரில் ஒரு நெல் ஆராய்ச்சிப் பண்ணையில் மேஸ்திரியாக இருந்தேன். என் வேலை விதைநெல் வயல்கள். விதைக்காக வளர்க்கும் வயலில் ஒரே ரகம்தான் நிற்க வேண்டும். வேறு ரகத்துப் பயிர் ஒன்று புகுந்துவிட்டால் அதற்குப் பெயர் கலப்பு. பூக்கும் சமயத்தில் வரிசை வரிசையாக நடந்து, உயரம் மாறினது, இலை நிறம் மாறினது, முந்திப் பூத்தது, நெல் நுனியில் மீசை முளைத்தது எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கிவிட வேண்டும். இதில் என்னை அடிக்க அந்தப் பண்ணையில் ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மையே பெருமையாக இருந்தால் நான் என்ன செய்வது? வரப்பில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும்போதே நடு வயலில் நிற்கும் ஒற்றைக் கலப்பைச் சொல்லிவிடுவேன். விதைச் சான்று கொடுக்க வரும் அதிகாரிகள் நான் முடித்த வயலில் அரை நாள் சுற்றிவிட்டு, வெறுங்கையோடு டீ குடிக்கப் போவார்கள். கலப்பு என்ற சொல்லைக் கேட்டாலே என் விரல் தானாக மடங்கும். அப்படி ஊறிப்போன கை.

அந்தப் பண்ணைக்குத்தான் டாக்டரம்மா வந்து சேர்ந்தார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, நெல் படித்த டாக்டர். தஞ்சாவூர்ப் பக்கம். ஆற்றுத் தண்ணீரில் கால் வைத்து வளர்ந்தவர், மழையை மட்டும் நம்பியிருக்கும் மேட்டுக் காட்டுக்கு நெல் கண்டுபிடிக்கப் போகிறேன் என்று வந்து நின்றால் எங்களுக்குச் சிரிப்பு வராதா? ஆள் குட்டை, நடை மட்டும் நீளம். சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் அறைக்குப் போகாமல் களத்து மேட்டில் எங்கள் பெண்களோடு உட்கார்ந்து டப்பாவைத் திறப்பார். எங்கள் பேச்சைக் கற்றுக்கொள்ள அவருக்கு ஆசை. எல்லாவற்றுக்கும் ஒரு 'ங்க' போட்டால் கொங்குத் தமிழ் வந்துவிடும் என்று நம்பி, வழியில் நின்ற பண்ணைக் காளையைப் பார்த்து "கொஞ்சம் நகருங்க" என்றார். காளையும் நகர்ந்தது. என் வீட்டுக்காரி, அவளும் என் கூட்டத்தில்தான் வேலை செய்தாள், ஒரு வாரம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "நீங்க ஒரு நாளாவது என்னைய அப்படிக் கூப்புட்டிருப்பீங்களா?" என்று இடையில் எனக்கும் ஒரு குத்து.

டாக்டரம்மா செய்துகொண்டிருந்த காரியம் இதுதான். மலைக்கு மேலே மழை பார்த்து விதைக்கும் ஒரு நெல் உண்டு. உயரமாக வளரும், சிவப்பு அரிசி, விளைச்சல் கம்மி, ஆனால் வேர் ஆழமாக இறங்கிப் பதினைந்து இருபது நாள் வெயிலைத் தாங்கும். எங்கள் கீழ்நாட்டு நெல் ஒன்று உண்டு. குட்டை, வெள்ளை அரிசி, நல்ல விளைச்சல், ஒரு வாரம் தண்ணீர் இல்லையென்றால் தலையைத் தொங்கப் போட்டுவிடும். இரண்டையும் சேர்த்தார். காலையில் சின்னக் கத்தரிக்கோலால் மலைநெல் பூவின் நுனியை வெட்டி, ஆண் பாகத்தை எடுத்துவிட்டு, மற்றதன் மகரந்தத்தை உதறி, காகித உறை மாட்டுவார். நானே எத்தனையோ நாள் உறையைப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். பண்ணையில் இதைக் 'கிராஸ்' என்பார்கள். ஆனால் கிராஸ் போட்ட பிறகு என்ன நடக்கும் என்பதை யாரும் எனக்குச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அதன் பேரப்பிள்ளைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு முகத்தோடு பிறக்கும், ஒன்று மலைநெல்லைப் போல, ஒன்று கீழ்நாட்டு நெல்லைப் போல, ஒன்று இரண்டின் நல்லதையும் எடுத்துக்கொண்டு. அந்தக் கடைசி வகையைத் தேடிப் பிடிப்பதற்காகத்தான் அத்தனை பாடு. நாலு வருஷ உழைப்பில் கிடைத்த விதை முழுவதையும், ஒரு பிடி மிச்சம் வைக்காமல், பயிர் அதிகம் இருந்தால்தான் நல்லது சிக்கும் என்று, அந்த வருஷம் ஆடியில் மேட்டு வயலில், தண்ணீர் கட்டாத காய்ந்த மண்ணில், புழுதி விதைப்பாக விதைத்திருந்தார்.

புரட்டாசியில் அவருக்கு வடக்கே ஏதோ கூட்டம். பத்து நாள் பயணம். புறப்படுகிற அன்று என்னைக் கூப்பிட்டார். வேலைக்காரர்களிடம் இங்கிலீஷ் கலக்காமல் நல்ல தமிழில் பேச வேண்டும் என்பது அவருடைய கொள்கை. "மேஸ்திரி, அந்த மேட்டு வயல் கலப்பை நல்லாப் பார்த்துக்கோங்க. உங்களை நம்பித்தான் போறேன்" என்றார். கிராஸ் என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கலப்பு என்றார். நம்பித்தான் போகிறேன் என்று வேறு சொல்லிவிட்டார். எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

மறுநாள் போய் அந்த வயலைப் பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் எனக்கு அவருக்காக வெட்கமாகிவிட்டது. ஒன்று இடுப்புயரம், பக்கத்தில் ஒன்று முழங்கால் உயரம். ஒன்று பச்சை, ஒன்று அடித்தண்டு கத்தரிப்பூ நிறம். பாதி பூத்தும் பாதி பூக்காமலும் நின்றது. அது கிராஸ் விதை என்று எனக்குத் தெரியாது. படித்த அம்மாவை எவனோ கலப்பட விதை கொடுத்து ஏமாற்றிவிட்டான், பாவம், வெளியில் சொல்ல முடியாமல் என் கையில் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். எது சரியான ரகம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் பண்ணைக் குட்டை நெல் மாதிரி நிற்பது ரகம், மற்றதெல்லாம் கலப்பு. என் வீட்டுக்காரிதான் இழுத்தாள்.

"ஏனுங்க, அந்தம்மா வந்த பொறவு ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு எடுக்கலாமுங்க."

"பாத்துக்கச் சொல்லீட்டுப் போயிருக்காங்க புள்ள. பாத்துட்டுச் சும்மா நிக்கறதுக்கா என்னைய மேஸ்திரின்னு வெச்சிருக்காங்க?"

"பாத்துக்கன்னாக்கா பாத்துக்கறதுதானுங்க. புடுங்கறதில்லீங்க."

மற்ற பெண்கள் சிரித்தார்கள். சிரிப்பவர்களுக்கு முன்னால் பின்வாங்குவது என் ஜாதகத்திலேயே கிடையாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

சேற்று வயலில் கலப்பு எடுப்பது சுகமான வேலை. பிடித்து ஒரு சுண்டு சுண்டினால் சளக்கென்று வந்துவிடும். இது புழுதி விதைப்பு, அதுவும் இருபது நாளாக மழை இல்லை. செம்மண் இறுகிக் கிடந்தது. பெரும்பாலானவை முனகிக்கொண்டே வந்தன. சில வரவே இல்லை. இரண்டு கையாலும் பிடித்து, குதிகாலை ஊன்றி, முதுகை வளைத்து இழுத்தாலும் அசையவில்லை. ஒன்றை இழுத்ததில் தாள் மட்டும் கையோடு வந்து நான் மல்லாந்து விழுந்தேன். பெண்களுக்கு அதைவிடக் கொண்டாட்டம் வேறு வேண்டுமா? என்னைத் தோற்கடித்த பயிரை எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். "மேஸ்திரிக்கு ஒன்னு!" என்று ஒருத்தி கூவினால், அடுத்த வரிசையில் இன்னொருத்தி "ரெண்டு!" என்பாள். ஆறு நாளும் அந்த வயலில் அதுதான் பாட்டு. வராத பயிரை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வருமா? அரிவாளால் அடியோடு ஒட்ட அறுத்தேன். அறுத்த தூர் வெளியே தெரிந்தால் என் தோல்வி தெரியுமே என்று காலால் மண்ணைத் தள்ளி மூடி மிதித்துவிட்டேன். பிடுங்கினது, அறுத்தது எல்லாம் கட்டுக் கட்டாகப் பண்ணையின் காங்கேயம் காளைகளுக்குப் போனது. கடைசி நாள் கடைசி வரிசையில் பெண்கள் ஒன்றாகக் கூவிய எண் முப்பத்தேழு.

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன். வரப்பில் உட்கார்ந்த டாக்டரம்மா கோபமே இல்லாத குரலில், "மேஸ்திரி, நான் என்ன சொல்லிட்டுப் போனேன்?" என்றார்.

"கலப்பைப் பாத்துக்கச் சொன்னீங்க."

"ஆமா."

"பாத்துக்கிட்டேனுங்க."

அவர் எனக்குப் பொறுமையாக விளங்கவைத்தார். அவர் சொன்ன கலப்பு, கிராஸ் போட்டு வந்த கலப்பு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருப்பதுதான் அந்த வயலின் செல்வம். நான் விட்டுவைத்திருப்பதெல்லாம் கீழ்நாட்டு நெல்லின் அச்சு, வெயிலுக்கு நிற்காதது. நான் எடுத்துப் போட்டதில்தான் அவர் தேடியது இருந்திருக்க வேண்டும். என் தலையிலே இடி விழுந்த மாதிரி என்று எழுதினால் அது சின்ன வார்த்தை. என் பெருமை அத்தனையும் எதில் இருந்ததோ, அந்தக் கையாலேயே செய்துபோட்டேன். அழுதுவிடுவேன் போல இருந்தது. அப்போது என் வீட்டுக்காரி, பயத்தில் என்ன பேசுவதென்று தெரியாமல், "நல்லவேளைங்கம்மா. கலப்பைன்னு காதுல உழுந்திருந்தா ஏரைப் பூட்டி உழுதே போட்டிருப்பாருங்க" என்றாள். டாக்டரம்மா ஒரு நொடி அவளைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரும்வரை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. அது சிரிப்பா அழுகையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

"பிடுங்கினதெல்லாம் எங்கே?" என்றார். மாட்டுக்குப் போட்டதைச் சொன்னேன். "எல்லாத்தையுமா?" என்றார். "நல்லாத் தின்னுச்சுங்க" என்றேன். உண்மை அதுதானே. அவர் கண்ணை மூடித் திறந்தார். அடுத்து ஒரு கேள்வி கேட்டார். "எல்லாமே வேரோட வந்துச்சா?"

இங்கேதான் நான் என் வாழ்க்கையிலேயே பெரிய தப்பைச் செய்யப் பார்த்தேன். முதல் தப்பு தெரியாமல் செய்தது. இது தெரிந்தே. அந்த நிலைமையிலும் என் வீம்பு என்னை விடவில்லை. "என்ற கைக்கு வராத பயிருங்களா? அத்தனையும் வேரோடதானுங்க" என்று சொல்லிவிட்டேன். டாக்டரம்மாவின் தோள் இறங்கியது. அதைப் பார்த்த என் வீட்டுக்காரி நேராக வந்து என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து, உள்ளங்கையை விரித்து அவர் முன்னால் காட்டினாள். தோல் உரிந்து கொப்புளம் கட்டியிருந்தது. "பாருங்கம்மா. முப்பத்தேழு வரலீங்க. நாங்க எண்ணிப்போட்டோமுங்க. அத்தனையும் அருவாள்ல அறுத்து மண்ணப் போட்டு மூடிட்டாருங்க, மானம் போயிருமுன்னு."

டாக்டரம்மா எழுந்தார். எழுந்த வேகத்தில் செருப்பு வாய்க்காலில் விழுந்தது, அதைக் கவனிக்கவில்லை. "வராதது எங்கெங்கே இருக்குன்னு காட்ட முடியுமா?" என்றார். தோற்ற இடம் எனக்கு மறக்குமா? வயலில் இறங்கி நடந்தேன். இங்கே ஒன்று, குதிகால் வழுக்கிய இடம். அங்கே ஒன்று, விரல் அறுபட்ட இடம். மண்ணை விரலால் விலக்கினால் கீழே தூர், பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது போல. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பெண்கள் குச்சி ஊன்றினார்கள். சூரியன் உச்சிக்கு வருவதற்குள் முப்பத்தேழு குச்சி. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. பின்னாலேயே நோட்டோடு வந்த டாக்டரம்மா சொன்னது எனக்கு வரி மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "மேஸ்திரி, ஆழமா வேர் விட்டதுதான் உங்க கைக்கு வரலை. நான் தேடினதும் அதைத்தான். நீங்க அழிக்கலை, பொறுக்கிக் கொடுத்திருக்கீங்க. ஆனா தூர் உயிரோட இருக்கணும்."

அதுதான் கேள்வி. தூர் துளிர்த்தால் சின்னதாக ஒரு மறுதாம்புக் கதிர் வரும், விதை கிடைக்கும். துளிர்க்காவிட்டால் எல்லாம் முதலிலிருந்து, இன்னும் நாலு வருஷம். அதுவரை அவரை அங்கே விட்டுவைப்பார்களா? மேலதிகாரி ஏற்கெனவே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார், மார்கழிக்குள் விதை கையில் இல்லையென்றால் அந்த மேட்டு வயல் வேறு வேலைக்குப் போகும் என்று. என்னை வேலையை விட்டு நிறுத்தவும் பேச்சு வந்தது. "நான் சொன்னதைத்தான் அவர் செஞ்சார். நான் சொன்ன வார்த்தைதான் தப்பு" என்று டாக்டரம்மா முடித்துவிட்டார். அன்றிலிருந்து அவர் வாயில் கலப்பு என்ற சொல் வரவில்லை. கிராஸ், கிராஸ், கிராஸ்தான்.

வயலிலிருந்து பத்தடி தூரத்தில் வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மடையைத் திறந்தால் போதும், அத்தனை தூரும் துளிர்த்துவிடும். "ஒரே ஒரு தண்ணி உட்டர்லாமுங்கம்மா" என்று கெஞ்சினேன். "மழையை நம்பி விதைக்கிறவங்க காட்டுல மடை எங்கே இருக்கு மேஸ்திரி?" என்றார். எல்லாம் போய் மிச்சமிருக்கிற முப்பத்தேழையும் ஒரு அம்மா இப்படிப் பணயம் வைப்பாளா? ஆனால் அவர் கணக்கு வேறு. தண்ணீர் விட்டால் எல்லாத் தூரும் ஒன்று போலத் துளிர்க்கும், எது வீரன் எது சாது என்று தெரியாது. என் கையை நானே நம்பவில்லை. பழகிய கை, வாடின பயிரைப் பார்த்தால் தானாக மடைக்குப் போய்விடும். மம்பட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு வேலைக்கு வந்தேன். என் வீட்டுக்காரி மாதா கோயில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் தூருக்காக வேண்டிக்கொண்டாள். முப்பத்தேழுக்கும் தனித்தனியாக வேண்டினாயா என்று கேட்டேன். "மொத்தமாத்தான். சாமிக்கு எண்ணத் தெரியுமுங்க" என்றாள்.

குச்சி ஊன்றிய ஆறாம் நாள் காலை. நான் விதை வயலில் நின்றுகொண்டிருந்தேன். "ஏனுங்க! இங்க வாங்க! பச்சை!" என்று அவள் போட்ட சத்தம் பண்ணை முழுக்கக் கேட்டது. செருப்பில்லாமல் ஓடினேன். மண்ணுக்கு மேலே ஊசி முனை அளவு ஒரு துளிர். அதைப் பார்க்க முழங்கால் போட வேண்டியிருந்தது. டாக்டரம்மா வந்து புடவையோடு மண்ணில் மண்டியிட்டுக் கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தார். அடுத்த மூன்று நாளில், ஒரு சொட்டு மழை இல்லாமல், பதினொன்று துளிர்த்தன. என் வீட்டுக்காரியின் தங்கை கருமத்தம்பட்டியில் தறி ஓட்டுகிறவள், துணி ஓரத்தில் வெட்டி எறியும் சிவப்பு நாடா ஒரு கூடை கொண்டுவந்தாள். பதினொன்றின் குச்சிக்கும் சிவப்பு நாடா கட்டினோம். பத்தாம் நாள் ஐப்பசி மழை கொட்டியது. மீதித் தூரிலும் பாதிக்கு மேல் துளிர்த்தன, அவற்றுக்கு நாடா கிடையாது. மழைக்கு முன்னால் எழுந்தவனுக்குத்தான் சிவப்பு.

மார்கழியில் அறுத்தோம். அறுத்தோம் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது, நகத்தால் கிள்ளினோம். விரல் நீளக் கதிர்கள், பதினொரு காகித உறை. மேலதிகாரியின் மேசையில் டாக்டரம்மா அந்த உறைகளை வரிசையாக அடுக்கிவிட்டு வந்தார். மேட்டு வயல் எங்களிடமே இருந்தது. அடுத்த வருஷம் ஒவ்வொரு உறையும் ஒரு வரிசையானது. வேர் எவ்வளவு பலம் என்று அளக்க டாக்டரம்மா ஒரு கொக்கித் தராசு வாங்கிவந்தார். பயிரின் அடியில் கட்டி மேலே இழுத்தால் எத்தனை கிலோ இழுவைக்கு வேர் மண்ணை விட்டு வருகிறது என்று முள் காட்டும். இதைப் பார்க்க மற்ற டாக்டர்களும் வந்திருந்தார்கள். நான் சொன்னேன், "முள்ளு காட்டறதுக்கு முன்னால என்ற கை சொல்லிப்போடுமுங்க." சிரித்தார்கள். சரி என்று பந்தயம். நான் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு பயிரைச் சும்மா அசைத்துப் பார்த்து, முதல், இரண்டாவது, மூன்றாவது என்று சொல்லிக்கொண்டே போனேன், டாக்டரம்மா எழுதிக்கொண்டார். பிறகு தராசு. பதினொன்றில் ஒன்பது நான் சொன்ன வரிசையிலேயே வந்தது. மாறின இரண்டிலும் தராசுக் கொக்கிதான் சரியாக மாட்டவில்லை என்பது என் கட்சி, இன்றும் அதுதான் என் கட்சி. அதற்கப்புறம் கண்ணாடி போட்ட டாக்டர்கள் தங்கள் வயலுக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்றாம் வகுப்புப் படித்தவன் கையைப் பிடித்துப் பார்த்து, "எப்படிங்க கண்டுபிடிக்கிறீங்க?" என்று கேட்டார்கள்.

இன்றைக்கு என் நாற்றுப் பண்ணையில் புதிதாக வருகிறவர்களிடம் வேலை சொன்னால், திருப்பிச் சொல்லச் சொல்வேன். நான் என்ன சொன்னேன் என்பதல்ல, அவர்கள் காதில் என்ன விழுந்தது என்பது எனக்கு வேண்டும். பட்டம் வாங்கிய இருவருக்கும் இது வேடிக்கையாக இருக்கிறது. இருக்கட்டும். இன்னொன்றும் செய்கிறேன். ஒரு பெண் வேலைக்கு நடுவில் "ஏனுங்க, கேட்டுப்போட்டுச் செய்யலாமுங்க" என்றால் நின்றுவிடுகிறேன். இதை என் வீட்டுக்காரி நம்புவதில்லை. டாக்டரம்மா ஓய்வுபெற்றுத் தஞ்சாவூர்ப் பக்கம் போய்விட்டார். மாதம் ஒரு முறை போனில் பேசுவார். முதலாளி ஆன என்னை இன்னும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுகிறார். அவர் வாயால் அது வேண்டும் எனக்கு. என் நாற்றைப் பற்றி நான் அளப்பதையெல்லாம் கேட்டுவிட்டு, "கொஞ்சம் குறைச்சுச் சொல்லுங்க மேஸ்திரி" என்பார்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது ஒரு நாளைச் சொல்வதற்காக. பதினொன்று கழிந்து கழிந்து நாலாக நின்ற வருஷம், அந்த நாலையும் சத்தியமங்கலத்துக்கு மேலே மலைக் காட்டில் ஒரு விவசாயி அம்மாவின் நிலத்தில் ஒவ்வொன்றும் தனித் துண்டில், நாலு பட்டியாக விதைத்தோம். மழை தவிர வேறு தண்ணீர் அங்கே கிடையாது. பண்ணை வயலில் ஜெயித்தால் என்ன, அங்கே ஜெயிக்க வேண்டும். இல்லையென்றால் டாக்டரம்மாவின் எட்டு வருஷமும் நோட்டுப் புத்தகத்தோடு சரி. அந்த வருஷம் மழை நடுவில் இருபத்து நாலு நாள் ஏமாற்றியது. அறுப்புக்கு நானும் என் வீட்டுக்காரியும் டாக்டரம்மாவோடு பஸ்ஸில் போனோம். போய்ப் பார்த்தால் மூன்று பட்டி சுமார். ஒரு பட்டி கதிர் சாய்ந்து நின்றது. ஊரே வந்து காட்டைச் சுற்றி நின்றிருந்தது. நிலத்துக்கார அம்மா மட்டும் ஒன்றும் சொல்லாமல் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. டாக்டரம்மா அந்த முகத்தையே பார்த்துப் பார்த்துத் தவித்தார்.

ஒவ்வொரு பட்டிக்கும் நடுவில் சதுரம் கட்டி, அளவுக்கும் விதைக்கும் வேண்டியதை அறுத்து மூட்டை கட்டினோம். ஓரத்துப் பயிர் கணக்கில் சேராது, வெயிலும் காற்றும் கூடுதலாகக் கிடைத்து அது எப்போதும் நன்றாகத்தான் நிற்கும். கட்டி முடித்துவிட்டு அந்த நல்ல பட்டியின் ஓரத்தைப் பார்த்தேன். கதிர் இல்லை. வெறும் தாள். காலையில் நான் பார்த்தபோது இருந்தது, இப்போது கைப்பிடி கைப்பிடியாகக் கிள்ளப்பட்டிருந்தது. மற்ற மூன்று பட்டியில் ஒரு கதிர்கூட யாரும் தொடவில்லை.

"யாருங்க அது? ஆராய்ச்சிப் பயிருல கைய வெச்சது?" என்று சத்தம் போட்டேன். கூட்டம் வானத்தைப் பார்த்தது. நிலத்துக்கார அம்மாவின் மடி மட்டும் காலையைவிடப் பெரிதாக இருந்தது. என் வீட்டுக்காரி என் கையை இழுத்தாள். டாக்டரம்மா ஓடிவந்தார்.

"என்னாச்சு மேஸ்திரி?"

"திருடிப்போட்டாங்கம்மா!"

"எதை?"

"இந்தப் பட்டிய மட்டுந்தானுங்க. மத்ததத் தொடவே இல்லைங்க."

"இதை மட்டுமா? நிஜமாவா?" என்றார். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ வருஷம் பழகியும் அவரை அப்படி நான் பார்த்ததில்லை. நிலத்துக்கார அம்மா இனி மறைத்துப் பயனில்லை என்று முன்னால் வந்து, "அடுத்த வருசம் வெதைக்குத்தானுங்கம்மா" என்றார், பாதிக் கோபமும் பாதி வெட்கமுமாக. டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, கூட்டத்துக்குக் கேட்கும்படி, "மேஸ்திரி, டீ குடிக்கணும் போல இருக்கு. கடை தூரமா இருந்தாலும் பரவாயில்லை" என்றார்.

"ஏனுங்கம்மா, நாம போயிட்டா மிச்சத்தையும்..."

"அதுக்குத்தான். நாம இங்க நின்னா அவங்களுக்குக் கூச்சமா இருக்கும்."

மூட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று பேரும் ஒற்றையடிப் பாதையில் இறங்கினோம். பின்னால் முதலில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒரு சிரிப்பு. பிறகு பலருடைய சிரிப்பு, தாள் உரசும் சரசரப்பு, "எனக்கும் ஒரு புடி உடுக்கா" என்று யாரோ கெஞ்சுகிற குரல். என் வீட்டுக்காரி வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். எனக்குக் கழுத்து தானாகத் திரும்பியது.

"திரும்பிப் பார்க்காதீங்க மேஸ்திரி" என்றார் டாக்டரம்மா.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கடையில் ஆளுக்கு இரண்டு டீ குடித்தோம், மெதுவாக.